தெரிந்தும் தெரியாதவர் போல

வாசகர் கேள்வி–பதில்: சொல்லும் பொருளும்

கேள்வி: ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கும் பணியில் இருக்கிறேன். 'டிஸின்ஜென்யுவஸ்லி' என்ற வினையடை அடிக்கடி எதிர்ப்படுகிறது. 'நேர்மையின்றி', 'கபடமாக', 'போலியாக' என்று எதை எழுதிப் பார்த்தாலும் வாக்கியத்தில் ஒட்டவில்லை. அண்மையில் ஒரு கட்டுரையில், கட்டணம் உயரப்போவதை முன்பே அறிந்திருந்த அதிகாரி ஒருவர், செய்தியாளர் அதைப் பற்றிக் கேட்டபோது, 'எந்தக் கட்டணத்தைச் சொல்கிறீர்கள்?' என்று 'டிஸின்ஜென்யுவஸ்லி' திருப்பிக் கேட்டதாக இருந்தது. 'நேர்மையின்றிக் கேட்டார்' என்று எழுதினேன். எனக்கே நிறைவாக இல்லை. இந்தச் சொல்லின் பொருள்தான் என்ன?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்களுக்கு நிறைவு வராததற்குக் காரணம் உண்டு. அந்த அதிகாரி செய்ததை நிதானமாகப் பாருங்கள். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். கேள்வியைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அது, விவரம் தெரியாத ஒருவர்தான் கேட்கக்கூடிய கேள்வி. கேட்டவரோ எல்லாம் தெரிந்தவர். தமக்குத் தெரிந்ததை உள்ளே வைத்துக்கொண்டு, தெரியாதவருக்கு இயல்பாக இருக்கும் வெகுளியான முகத்தை அவர் எடுத்துப் போட்டுக்கொண்டார். இந்தச் சொல்லின் உயிர் அந்த முகத்தில் இருக்கிறது.

'நேர்மையின்றி' என்று எழுதினால், லஞ்சம் வாங்கியவரும் கணக்கைத் திருத்தியவரும் எடையில் ஏமாற்றியவரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். 'போலியாக' என்றால் போலி மருந்தும் போலிச் சான்றிதழும் நினைவுக்கு வருகின்றன. 'கபடமாக' என்பது நெருங்கி வருகிறது. ஆனாலும் அது உள்ளே இருக்கும் வஞ்சத்தை மட்டும் சொல்லி, வெளியே தெரியும் அப்பாவித்தனத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டும் ஒருசேர வேண்டும். அதனால் உங்கள் வாக்கியத்தை, 'எந்தக் கட்டணத்தைச் சொல்கிறீர்கள் என்று ஒன்றும் அறியாதவர் போலக் கேட்டார்' என்று எழுதிப் பாருங்கள். அதிகாரிக்கு விவரம் தெரியும் என்பது கட்டுரையில் முன்பே வந்துவிட்டதால், 'போல' என்ற ஓர் உருபே மீதிப் பணியைச் செய்துவிடும். விவரம் முன்பே வராத இடமாக இருந்தால், 'எல்லாம் தெரிந்திருந்தும் ஏதும் அறியாதவர் போல' என்று சற்று நீட்டிக்கொள்ளலாம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வர வேண்டும் என்ற கட்டாயத்தை மொழிபெயர்ப்பாளர் தமக்குத் தாமே விதித்துக்கொள்வதால்தான் 'நேர்மையற்ற முறையில்' போன்ற உயிரற்ற தொடர்கள் பெருகுகின்றன என்பது, மொழிபெயர்ப்புப் பிரதிகளைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் என் உறுதியான எண்ணம்.

உச்சரிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் 'ஜென்' என்ற அசையில் விழ வேண்டும். 'ஜீன்' என்று நீட்டினால் அது வேறொரு சொல்லின் சாயலைப் பெற்றுவிடும். அந்தக் குழப்பத்தைப் பற்றி இன்னொரு வாசகரே கேட்டிருக்கிறார்.

கேள்வி: கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். மாணவர்கள் 'இன்சின்சியர்லி', 'ஹிப்போகிரிட்டிகலி', 'டிஸின்ஜென்யுவஸ்லி' ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் எழுதுகிறார்கள். எப்படி வேறுபடுத்திச் சொல்வது?
— விரிவுரையாளர், திருநெல்வேலி

பதில்: ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்வோம். உங்கள் மகனுக்கு வேலை கிடைத்த செய்தியைச் சித்தப்பாவிடம் சொல்கிறீர்கள். அவர் மனத்தில் மகிழ்ச்சி ஏதும் எழவில்லை. இருந்தாலும் 'ரொம்ப சந்தோஷம்' என்கிறார். அது 'இன்சின்சியர்லி' சொன்னது. சொல்லுக்குப் பின்னால் இருக்க வேண்டிய உணர்ச்சி அங்கே இல்லை. 'ஒப்புக்கு', 'உதட்டளவில்', 'கடமைக்கு' என்று தமிழில் இதற்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. இனி அதே சித்தப்பாவுக்கு அந்தச் செய்தி பத்து நாளைக்கு முன்பே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். முன்பே தெரிந்தும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே என்று நீங்கள் வருந்தக்கூடும் என்பதற்காக, 'அப்படியா, வேலை கிடைத்துவிட்டதா, எனக்குத் தெரியவே தெரியாதே!' என்று வியந்து கேட்கிறார். அதுதான் 'டிஸின்ஜென்யுவஸ்லி'. இங்கே அவருக்கு மகிழ்ச்சி உண்மையிலேயே இருக்கலாம். அதைப் பற்றிய பேச்சே இல்லை. அவருடைய அறிதலைப் பற்றியே பேச்சு. முதலாவதில் மறைக்கப்படுவது உணர்வு, இரண்டாவதில் மறைக்கப்படுவது அறிவு என்று மாணவர்களுக்குச் சொன்னால், பெரும்பாலான இடங்களில் அவர்கள் தடுமாற மாட்டார்கள். ஆங்கிலேயரே இந்தச் சொல்லைச் சில வேளை தளர்வாக, வெறும் 'மனப்பூர்வமற்ற' என்ற பொருளில் எழுதுவதுண்டு என்பதையும் சொல்லிவையுங்கள். ஆனால் தேர்ந்த எழுத்தாளர்கள் இதைத் தேடி எடுப்பது அந்த அறிவுக்காகத்தான்.

மூன்றாவது சொல்லின் களம் வேறு. 'ஹிப்போகிரிட்' என்பதன் மூலம் கிரேக்க மொழியில் மேடை நடிகரைக் குறித்த சொல். பிறருக்கு ஓர் ஒழுக்கத்தை வலியுறுத்திவிட்டுத் தாம் அதற்கு மாறாக நடப்பவரின் செயலுக்கே 'ஹிப்போகிரிட்டிகலி' பொருந்தும். மதுவிலக்கு மேடையில் முழங்கிவிட்டு வீட்டில் குடிப்பவரை அப்படிச் சொல்லலாம்; கட்டணத்தைப் பற்றித் தெரியாதவர் போலக் கேட்ட அதிகாரியை அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் யாருக்கும் எதையும் உபதேசிக்கவில்லை.

இந்த வரிசையில் 'அங்க்சுவஸ்லி' என்ற சொல்லையும் மாணவர்கள் சந்திக்கக்கூடும். எண்ணெய் பூசுதல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் வழி வந்தது அது. தேனொழுகக் குழைந்து பேசுவதைக் குறிக்கும்.

கேள்வி: பொறியியல் படிக்கிறேன். 'இன்ஜீனியஸ்' என்றால் புத்திக்கூர்மை உள்ள என்று பொருள். அப்படியானால் 'டிஸின்ஜென்யுவஸ்' என்பது புத்தியில்லாத என்றுதானே ஆக வேண்டும்? 'சின்சியர்' என்ற சொல் 'மெழுகு இல்லாத' என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்தது என்று நண்பன் சொல்கிறான். அதுவும் உண்மையா?
— மாணவர், திருச்சி

பதில்: இரண்டு சொற்கள் உருவத்தில் ஒட்டிப் பிறந்தவை போல இருப்பதால் வந்த மயக்கம் இது. ஆங்கிலேயரே முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதில் மயங்கியிருக்கிறார்கள் என்பதால் நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

லத்தீனில் 'இன்ஜெனியும்' என்றால் பிறவியிலேயே அமைந்த திறமை. 'இன்ஜீனியஸ்' அதிலிருந்து வந்தது. நீங்கள் படிக்கும் படிப்பின் பெயரில் இருக்கும் 'இன்ஜினியர்' என்ற சொல்லும், பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக வந்த 'இன்ஜின்' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்தவைதாம். 'இன்ஜெனுவுஸ்' என்பது இன்னொரு சொல். அதற்குச் சுதந்திர மனிதராகப் பிறந்தவர் என்று பொருள். பண்டைய ரோமானியச் சட்டம் சுதந்திர மனிதர்களை இரண்டு வகையாகப் பிரித்தது: பிறப்பிலேயே சுதந்திரமானவர்கள் ஒரு வகை, அடிமைகளாக இருந்து பின்னர் விடுவிக்கப்பட்டவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினருக்குத்தான் இந்தப் பெயர். ஒளிவுமறைவில்லாமல் பேசுவது அப்படிப் பிறந்தவர்களின் குணம் என்று அக்காலத்து மேல்தட்டினர் கருதியதால், பிறப்பைக் குறித்த சொல் பண்பைக் குறிக்கத் தொடங்கியது. அடிமைப்பட்டவர்மீது சுமத்தப்பட்ட அநீதியான ஓர் எண்ணமும் அந்தப் பொருள்மாற்றத்துக்குள் புதைந்து கிடக்கிறது என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்ல வேண்டும்.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்த 'இன்ஜென்யுவஸ்' முதலில் பெருந்தன்மையுள்ள, மனம் திறந்த என்ற பொருள்களில் வழங்கியது. பிறகு மெல்ல மெல்லக் கள்ளமறியாத, உலகம் தெரியாத என்ற பக்கம் சாய்ந்தது. மறுப்பு முன்னொட்டைச் சேர்த்து 'டிஸின்ஜென்யுவஸ்' என்ற சொல் உருவானது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். ஆகவே அது மறுப்பது புத்தியை அல்ல, திறந்த மனத்தை. இந்தச் செயலுக்குக் கொஞ்சம் புத்திக்கூர்மை தேவைப்படவும் செய்கிறது.

அந்த நூற்றாண்டில் இரண்டு சொற்களும் கலந்து கிடந்ததற்கு ஓர் அடையாளம் இன்றும் மிஞ்சியிருக்கிறது. புத்திசாதுரியம் என்ற பொருளில் நாம் பயன்படுத்தும் 'இன்ஜென்யுயிட்டி' என்ற பெயர்ச்சொல், வடிவத்தைப் பார்த்தால் 'இன்ஜென்யுவஸ்' என்பதன் பிள்ளை. அது இடம் மாறிப் போய் 'இன்ஜீனியஸ்' வீட்டுக்கே உரியதாகிவிட்டது. தாய்வீட்டுக்கு 'இன்ஜென்யுவஸ்னெஸ்' என்ற நீண்ட சொல்லைப் புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

மெழுகுக் கதை உண்மையல்ல. சிலையில் விழுந்த விரிசலைச் சிற்பிகள் மெழுகால் மறைத்தார்கள், மெழுகில்லாத சிலைக்கே 'சின்சியர்' என்று பெயர் என்று அழகாகச் சொல்லப்படுகிறது. ஆனால் மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. மூலமான லத்தீன் சொல்லுக்குக் கலப்பில்லாத, தூய என்பதே பொருள்.

கேள்வி: சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். எங்களுக்கு உதிரிபாகம் அனுப்பும் ஒரு நிறுவனம், குறித்த தேதியில் சரக்கு அனுப்பாமல், 'தேதி எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை' என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அந்தத் தேதியை ஏற்றுக்கொண்டு அவர்களே அனுப்பிய பதில் என் கையில் இருக்கிறது. 'நீங்கள் டிஸின்ஜென்யுவஸ்லி இப்படிச் சொல்கிறீர்கள்' என்று ஆங்கிலத்தில் பதில் எழுதலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவர்கள் தெரிந்தே அப்படி எழுதியிருந்தால் சொல் மிகச் சரியாகப் பொருந்தும். ஆனால் அந்த 'தெரிந்தே' என்பதை நீங்கள் எப்படி அறிவீர்கள்? தேதியை ஏற்று எழுதியவர் ஒருவராகவும், இப்போது மறுத்து எழுதுபவர் பழைய கடிதத்தைப் பார்க்காத வேறொருவராகவும் இருக்கலாம். அப்படியானால் அது கவனக்குறைவு. இந்தச் சொல் அங்கே அவதூறாகிவிடும். ஒருவர் சொன்னது தவறு என்று எழுதுவது வேறு. அவர் மனத்துக்குள் என்ன இருந்தது என்று எழுதுவது வேறு. 'டிஸின்ஜென்யுவஸ்லி' இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதால், அதன் மென்மையான ஓசையைப் பார்த்து மென்மையான சொல் என்று எண்ணிவிடக் கூடாது.

அப்படி எண்ணுவதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற மரபில், ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினரைப் பார்த்துப் பொய் சொல்கிறார் என்று சொல்ல அனுமதி இல்லை. அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போவதற்காகவே அங்கே பல நாகரிகத் தொடர்கள் விளைந்தன. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் சீனத் தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதத்தை அடிமைமுறை என்று சொல்லலாமா என்ற விவாதத்தில், 1906ஆம் ஆண்டு வின்ஸ்டன் சர்ச்சில், அச்சொல்லை அதன் முழுப்பொருளில் பயன்படுத்தினால் 'கலைச்சொல் துல்லியக் குறைவு' நேரக்கூடும் என்ற பொருள்பட ஒரு தொடரைக் கையாண்டார். அவர் அங்கே யாரையும் பொய்யர் என்று சுட்டவில்லை. ஆயினும் அந்தத் தொடர் பிற்காலத்தில் 'பொய்' என்பதற்கான இடக்கரடக்கலாகவே நிலைத்துவிட்டது. 1986இல், உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி ஒருவருடைய நினைவுக்குறிப்பு வெளியாவதைத் தடுக்கப் பிரிட்டிஷ் அரசு ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் வழக்காடியபோது, அமைச்சரவைச் செயலாளராக இருந்த ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், ஒரு கடிதத்தைப் பற்றிய குறுக்குவிசாரணையில், அது உண்மையைச் சிக்கனமாகச் செலவிட்டிருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். அந்தத் தொடரும் இன்று வழக்காகிவிட்டது. 'டிஸின்ஜென்யுவஸ்' இவற்றோடு ஒரே வரிசையில் வந்து நிற்கும் சொல். பொய் என்று வாய்விட்டுச் சொல்லாமல், அந்த அளவுக்குக் கனமான ஒன்றை எதிரில் இருப்பவர்மீது வைப்பதற்குப் பயன்படுகிறது. அதைப் பெறுபவருக்கு அந்தக் கனம் நன்றாகவே தெரியும்.

ஆகையால் உங்கள் கடிதத்தில் அந்தச் சொல் வேண்டாம். தேதியை ஏற்றுக்கொண்ட அவர்களுடைய கடிதத்தின் நகலை இணைத்து, 'இன்ன நாளில் நீங்கள் எழுதிய கடிதத்தில் இந்தத் தேதியை உறுதிசெய்திருக்கிறீர்கள்' என்று ஒரு வரி எழுதுங்கள். நேர்ந்தது மறதி என்றால் அவர்கள் திருத்திக்கொள்ள வழி இருக்கும். பாசாங்கு என்றால் அந்த ஒரு வரியே அதைத் தாங்க முடியாதபடி செய்துவிடும். தொழில் உறவு தொடர வேண்டுமானால் இதுவே நல்லது என்று நம்புகிறேன்.

கேள்வி: இந்த ஆங்கிலச் சொல்லுக்கு இணையாகத் தமிழில் ஒரு தனிச்சொல் கிடையாதா? நம்மிடம் இல்லாத நுட்பமா இது?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, நுட்பம் நம்மிடம் நிறையவே இருக்கிறது; ஆனால் அது தனிச்சொல்லில் இருப்பதைவிடப் பழமொழியிலும் கதையிலும் தங்கியிருக்கிறது. 'ஒன்றும் தெரியாத பாப்பா போட்டுக்கொண்டாளாம் தாப்பா' என்ற பழமொழியைவிடத் துல்லியமாக 'டிஸின்ஜென்யுவஸ்' என்பதற்கு எந்த அகராதியும் விளக்கம் தந்துவிட முடியாது. தெரியாது என்கிற வாய், தெரிந்து தாழ்ப்பாள் போடுகிற கை ஆகிய இரண்டும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன. 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்பதும் அதே முகத்தைத்தான் சுட்டுகிறது. 'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்' என்பது சற்று வேறு. அங்கே மறைக்கப்படுவது பசி, காட்டப்படுவது இரக்கம். திருநெல்வேலி வாசகருக்குச் சொன்ன பிரிவினையின்படி, அதை உணர்வைப் பொய்யாகக் காட்டும் வகையில் சேர்க்க வேண்டும். 'முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது' இந்தப் பக்கமே வராது. அது பச்சைப் பொய்.

நீலிக்கண்ணீர் என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க வந்த நீலி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனாகப் பிறந்திருந்த அவன் பின்னால் வந்து, ஊர்ச்சபையின் முன் அவனைத் தன் கணவன் என்று சொல்லி அழுதாள். வந்திருப்பது பேய் என்று அஞ்சிய அவனுடைய சொல்லை நம்பாமல், அவளுடைய கண்ணீரை நம்பி, அவனுக்கு ஏதும் நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவோம் என்று வேளாளர்கள் வாக்களித்தார்கள். இரவில் அவன் இறந்துபட, வாக்குத் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அபலையின் முகத்தை அணிந்துகொண்டு ஓர் ஊரின் நியாய உணர்வையே கருவியாக்கிய செயல் அது. எதிரில் இருப்பவரின் நல்லெண்ணம்தான் இத்தகைய பாசாங்குக்கு இரையாகிறது என்பதை இந்தக் கதை அளவுக்கு ஆழமாகச் சொன்ன வேறொன்றை நான் அறியேன். எனினும், கண்ணீர் இல்லாத இடத்தில் இந்தச் சொல்லைப் போட முடியாது. அந்த அதிகாரியின் கேள்விக்கு இது உதவாது.

தனிச்சொல் என்று கேட்டால், நேர்ப்பொருளான 'இன்ஜென்யுவஸ்' என்பதற்கு நம்மிடம் ஓர் அருமையான சொல் இருக்கிறது: வெள்ளந்தி. எழுத்தில் அதைக் குறைவாகவே காண்கிறோம். இன்னும் கூடுதலாக எழுத வேண்டும் என்பது என் ஆசை. 'வெகுளி' என்பதும் பொருந்தும். பழைய தமிழில் சினம் என்ற பொருளில் இருந்த வெகுளி, இன்று சூதுவாது தெரியாதவரைக் குறிக்கிறது. ஆங்கிலச் சொல் பெருந்தன்மையிலிருந்து உலகமறியாமைக்கு நகர்ந்ததைவிட இது நெடிய பயணம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எதிர்ப்பொருளுக்கு 'வெள்ளந்தியற்ற' என்று ஆக்கினால் யாருக்கும் புரியாது. அங்கே 'வெள்ளந்தி போல', 'வெள்ளந்தியாக முகத்தை வைத்துக்கொண்டு', 'அப்பாவி வேடத்தில்' என்று எழுதும்போது பொருள் தானாக வந்து அமர்ந்துகொள்கிறது. 'பாசாங்காக' என்பது பல இடங்களில் போதும். 'பசப்பலாக' என்றால் அதில் பிறரை மயக்கித் தன் வழிக்குக் கொண்டுவரும் நோக்கமும் சேர்கிறது. 'மழுப்பலாக' என்பதை மட்டும் தவிர்க்கலாம். மழுப்புகிறவர் பதில் சொல்லாமல் நழுவுகிறார், தெரியாதவராக நடிப்பதில்லை.

ஒரு பயன்பாட்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொழிபெயர்ப்புகளில் மிகுதியாகத் தவறும் இடம் அது. ஆங்கிலத்தில் ஒருவர் தம்மைப் பற்றியே, 'எனக்கு இந்தப் பரிசால் மகிழ்ச்சியில்லை என்று சொன்னால் அது டிஸின்ஜென்யுவஸ் ஆகும்' என்று சொல்வதுண்டு. அங்கே அவர் தம்மைக் குற்றம் சாட்டிக்கொள்ளவில்லை. மனம் திறந்து பேசுகிறார். 'நேர்மையற்றதாகும்' என்று அதைத் தமிழாக்கினால், இல்லாத ஒரு குற்றவுணர்வு வாக்கியத்துக்குள் நுழைந்துவிடுகிறது. 'மகிழ்ச்சியில்லை என்று சொன்னால் அது நடிப்பாகிவிடும்' என்று எழுதினால், அவர் சொல்ல வந்தது மிகாமலும் குறையாமலும் தமிழில் வந்துவிடும்.